நடுவில் ஓர் இண்டிகேட்டர் பல்பு

அன்று சாயங்காலம் சோளக் கொல்லையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் அக்கா, அக்கா வீட்டுக்காரர். வேறு யாரும் இல்லை. மோட்டார் கொட்டகை வாசலில் கட்டிலைப் போட்டு, அதன் மேல் இருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். கதிர் பால் பிடிக்கிற நேரம். பக்கத்துக் கொல்லையில் முந்தின ராத்திரிதான் காட்டுப்பன்றிகள் இறங்கி உழுதுவிட்டுப் போயிருந்தன. அடுத்தது எங்களுடையது. அந்த வருஷத்து வரும்படி மொத்தமும் அந்தக் கதிரில்தான்.

என் மனைவிக்கு எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். டப்பாவுக்குள் அவள் வைத்திருந்தது, ஏதாவது அசைந்தால் கண்டுபிடிக்கிற ஒரு சென்சாரும், அதைக் கேட்டு விளக்கையும் ஹாரனையும் போடச் சொல்கிற விரல் நீளப் போர்டும். போர்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கருகினால், ஆர்டர் போட்டு இன்னொன்று வருவதற்குள் கொல்லையில் வெறும் சோளத்தட்டைதான் மிஞ்சும்.

எட்டாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் நான். மிக்ஸியை நிறுத்தினாலும் பிளக்கைப் பிடுங்கி வைத்தால்தான் தூக்கம் வரும். ஆகவே அவள் சொன்னதையெல்லாம் பயத்தோடு கேட்டு வைத்திருக்கிறேன். பைக் பேட்டரி பன்னிரண்டு வோல்ட். போர்டுக்கு ஐந்துதான் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுக்க நடுவில் ஒரு சின்ன கன்வெர்ட்டர். புதிதில் அது எதையும் குறைக்காது, வந்ததை அப்படியே தள்ளிவிடும். தலையிலுள்ள குட்டி ஸ்குரூவைத் திருப்ப வேண்டும். எத்தனை சுற்று திருப்பினாலும் மீட்டரில் எண் அசையவே இல்லை. நானாக இருந்தால் விட்டுவிட்டு ஓடியிருப்பேன். அவள் போர்டை மாட்டாமலே, காலை முழுக்கப் பொறுமையாகத் திருப்பி ஐந்துக்குக் கொண்டுவந்தாள். அப்புறம் ஸ்குரூ நகராமலிருக்க அதன் மேல் ஒரு சொட்டு நகப்பாலிஷ்.

"ஹாரனுக்கும் இது வழியாத்தான் கரண்டா?" என்று கேட்டேன்.

"அது பெரிய சாப்பாட்டுக்காரன்ங்க. அதுக்குத் தனி லைன், தனி பியூஸ்."

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு பன்னிக்கு இவ்ளோ ஜோடனையா தங்கச்சி? கரண்டு லைன்ல இருந்து ஒரு கம்பிய இழுத்து வேலியில வுட்டா முடிஞ்சிபோச்சி."

"வர்றது பன்னியா, சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போற ஆளான்னு அந்தக் கம்பிக்குத் தெரியுமாண்ணா?"



அவள் பேட்டரிப் பக்கம் பியூஸ் மாட்டப் போனபோது, அக்கா முந்தானையிலிருந்து ஒரு செப்புத் தகட்டை எடுத்தாள். கோயிலில் மந்திரித்தது. மாட்டுக்கொட்டகை, டிராக்டர், எதையும் அவள் தகடு வைக்காமல் விட்டதில்லை. "கண்ணு பட்டுடும்டா" என்று டப்பாவுக்குள் சொருகிவைத்தாள். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

"பிளஸ் மைனஸ் பார்த்தியா?" என்றேன் மனைவியிடம்.

"மூணு வாட்டி பார்த்துட்டேன். நாலாவது வாட்டி நீங்க பாருங்க."

இதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது. என் பயத்தை அவள் கிண்டல் செய்வதில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்துவிடுவாள். பார்த்தேன். சரியாக இருந்தது.

புதிதாகச் செய்த எதையும் அவள் முதல் தடவை பேட்டரியில் நேராகக் கொடுக்க மாட்டாள். பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை நடுவில் மாட்டுவாள். அதன் வழியாகத்தான் கரண்ட் போக வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அணைந்துவிடும். உள்ளே எங்காவது சேரக்கூடாதது சேர்ந்திருந்தால் முழுசாக எரியும். வருகிற அடியைப் பல்பு வாங்கிக்கொள்ளும், போர்டு தப்பிக்கும்.

ஒயரைப் பேட்டரியில் தொட வைத்தாள். பல்பு பளீரென்று எரிந்தது.

"பாத்தியா, சாமி சக்தி!" என்றாள் அக்கா.

நான் கட்டிலை விட்டு இரண்டடி பின்னால் போனேன். என் மனைவி பதறாமல் ஒயரை எடுத்துவிட்டு, டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். கன்வெர்ட்டருக்கு அடியில், ஈயம் வைத்த முனைகளை உரசிக்கொண்டு கிடந்த தகட்டை இரண்டு விரலால் உருவினாள்.

"இது இன்னா அண்ணி?"

"மந்திரிச்ச தகடுடி. காவலுக்கு."

நான் சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவள் தகட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "செம்பாச்சே அண்ணி, கரண்டு இதுல குஷியா ஓடும். காவக்காரருக்கு வூட்டுக்குள்ள இன்னா வேலை? வெளியதான நிக்கணும்" என்று டப்பா மூடியின் மேல் டேப் போட்டு ஒட்டிவிட்டாள். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுபடி தொட்டபோது பல்பு மினுக்கி அணைந்தது. போர்டில் பச்சை விளக்கு. பல்பைக் கழற்றிவிட்டு, பியூஸ் வழியாக நேரே கொடுத்தாள்.

"அண்ணா, பன்னி மாதிரி அந்தாண்ட இருந்து வாங்க."

"என்ன பார்த்தா பன்னி மாதிரியா கீது?" என்று முனகிக்கொண்டே மாமா சோளத்துக்குள் குனிந்து வந்தார். ஹாரன் அலறியதில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை கொல்லையோரம் குளம்புத் தடங்கள் வந்து, அப்படியே மலைப்பக்கம் திரும்பியிருந்தன. ஒரு தட்டைகூடச் சாயவில்லை. வேலியில் கரண்டு விடுகிற பேச்சை மாமா அதற்குப் பிறகு எடுக்கவில்லை. தன் மரவள்ளிக் கொல்லைக்கும் ஒன்று கேட்டார். பல்பு வைத்துப் பார்த்து, பியூஸ் போட்டு, அதையும் அவளே செய்து கொடுத்தாள். அதற்கான சாமான் செலவில் மாமா இன்னும் அறுநூற்று ஐம்பது ரூபாய் தர வேண்டும்.