பன்னிரண்டு தாளிலும் ஒரே டிக்

போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது இது. காரைக்கால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. படகு போகாவிட்டால் ஐஸுக்கு வேலை இல்லை. வரிச்சிக்குடிப் பக்கம் இருக்கும் என் ஐஸ் பிளாண்டைப் பூட்டிவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் சும்மா உட்கார்ந்தால் யாருக்காவது கேடு வரும் என்பது என் மனைவியின் கணக்கு. அந்தத் தடவை அது பலித்துவிட்டது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. சைக்கிள் கேரியரில் சாக்கை விரித்து, உமியைப் போட்டு, அதில் ஐஸ் கட்டியைப் புதைத்துத் திருவேட்டக்குடி கரைக்கு மிதித்தவன் நான். போய்ச் சேருவதற்குள் பாதி கரைந்து என் முதுகு நனைந்திருக்கும். மீதிப் பாதியை விற்றுத்தான் இன்றைக்கு இரண்டு ஐஸ் பிளாண்டும் ஒரு கல்யாண மண்டபமும் ஆகியிருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே எனக்கு ஒரு பெண்கள் கபடி அணி உண்டு. பன்னிரண்டு பேர். பிளாண்டுக்குப் பின்னால் என் செலவில் மண் கொட்டிக் களம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பனியன் முதுகில் என் கம்பெனி பெயர் இருக்கும். நம்பரைவிடப் பெயர் பெரிதாக இருக்கிறதே என்று ஒரு நடுவர் குறைப்பட்டார். நம்பருக்கா நான் காசு கொடுத்தேன் என்று கேட்டுவிட்டேன்.

அணிக்கு உயிர் திருவேட்டக்குடிப் பெண் ஒருத்தி. அவளுடைய அம்மா தலைச்சுமையாக மீன் விற்கிறவர். அவள் பாடிக்கொண்டு எதிர்க்களத்துக்குள் போனால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். அவளை நம்பித்தான் ஒரு காரியத்தைச் செய்தேன். புதுச்சேரியில் ஒரு போட்டி வரவிருந்தது. அதற்கு மூன்று வாரம் இருக்கும்போதே கோட்டுச்சேரி முக்கில் ஒரு பேனர் கட்டினேன். நடுவில் ஆள் உயரத்துக்கு அவள் படம். கீழே, 'வெற்றிக் கோப்பையுடன் ஊர் திரும்பிய வீராங்கனையே வருக!' என்று எழுத்து. ஓரத்தில் கைகூப்பியபடி நான். ஓரம்தான் என்றாலும் என் தலை அவள் தலையைவிட ஒரு சுற்றுப் பெரிது.

பேனர் அடிக்கிற பையன் தயங்கினான். "இன்னும் ஆடவே போகலையே மொதலாளி?"

"ஒறையும்னு தெரிஞ்சுதானடா அச்சுல தண்ணி ஊத்துறோம்?" என்றேன். அன்றைக்கு முழுக்க இந்தப் பதிலை நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு இளம்பெண் எங்கள் களத்துக்கு வந்தார். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாராம். விளையாடுகிறவர்களுக்கு மனசில் என்ன ஓடுகிறது, பயம் வருகிறதா, தூக்கம் கெடுகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. மனநல ஆலோசனைக்கும் முறையாகப் படித்தவர். நான் 'டாக்டரம்மா' என்றேன். "இன்னும் பட்டம் வாங்கல சார்" என்றார். "எங்க புள்ளைங்கள வச்சு வாங்கிடுங்க. ஆனா இவங்க மனசுல ஒண்ணும் கெடையாது" என்றேன். "அதையும் கேட்டுத்தான் சார் எழுதணும்" என்றார்.

அவர் கொண்டு வந்தது முப்பது கேள்விகள் உள்ள தாள். பெயர் எழுத வேண்டாம், நம்பர் மட்டும் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு கட்டம்: ஒருபோதும் இல்லை, சில நேரம், அடிக்கடி, எப்போதும். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். மறுநாள் காலையில் வந்து ஒவ்வொருத்தரிடமும் தானே தருவதாகச் சொல்லி, தாள்கட்டை என் அறையில் வைத்துவிட்டு லாட்ஜுக்குப் போனார். அவர் செய்த தவறு அதுதான்.

எழுத்துக்கூட்டிப் படிப்பேன். முதல் நாலு கேள்வியைப் படித்தேன். ஆட்டத்துக்கு முன் கை நடுங்குகிறதா, வாந்தி வருகிறதா, அழுகை வருகிறதா, ஆட்டத்தை விட்டுவிடத் தோன்றுகிறதா. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இது பரீட்சை. இதில் நம் பிள்ளைகள் முதல் மார்க்கில் தேற வேண்டும். சாயங்காலமே எல்லாரையும் உட்கார வைத்துத் தாளைக் கொடுத்து, முதல் கட்டத்தில் மேலிருந்து கீழே டிக் அடிக்கச் சொன்னேன்.

"கேள்வியப் படிக்க வேணாமா மாமா?" என்றாள் ஒருத்தி.

"படிச்சாத்தான் கொழப்பம் வரும். அடி."

திருவேட்டக்குடிப் பெண் மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவளும் அடித்தாள். காலையில் ஆராய்ச்சிப் பெண் வந்ததும், வேலை முடிந்துவிட்டது என்று தாள்கட்டை நீட்டினேன். நின்றபடியே புரட்டினார். அப்புறம் உட்கார்ந்து புரட்டினார்.

"சார், ஒம்பதாவது கேள்வி. 'நான் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன்.' பன்னெண்டு பேரும் ஒருபோதும் இல்லங்கிறாங்க."

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"பதினேழு. 'கபடி ஆடும்போது சந்தோஷமாக இருக்கிறேன்.' ஒருபோதும் இல்ல. இருபத்திரண்டு. 'அணியை நடத்துகிறவர் என்னை மதிக்கிறார்.' ஒருபோதும் இல்ல. இத அப்படியே எழுதுனா, ஒரு பஸ் வச்சு எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும் சார்."

பின்னால் பிள்ளைகள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஆராய்ச்சிப் பெண் சிரிக்கவில்லை. அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டார். விருப்பம் இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் புதுத் தாள் கொடுத்தார். பிறகு ஒவ்வொருத்தியாக அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். நானும் கூட உட்காருகிறேன் என்றேன். "நீங்க வெளிய இருந்து இத எழுதுங்க சார்" என்று என் கையிலும் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். என் பிளாண்டில், என் அறைக் கதவை, என் முகத்துக்கு நேராக.

திருவேட்டக்குடிப் பெண் முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தாள். வெளியே வரும்போது கண் வீங்கியிருந்தது. என்ன சொன்னாள் என்று கேட்டேன். "அவங்க சொன்னது அவங்களோடது சார். அவங்களாச் சொன்னா கேட்டுக்குங்க" என்றார் ஆராய்ச்சிப் பெண். காரைக்காலில் நான் கேட்டுக் கிடைக்காத விஷயம் கிடையாது. நாட்டுப்படகில் வந்த நல்ல சதை நண்டாகப் பார்த்து லாட்ஜுக்கு ஒரு கூடை அனுப்பினேன். கூடை அப்படியே திரும்பி வந்தது. 'நண்டுக்கு நன்றி. வாய் திறக்காது' என்று ஒரு துண்டுச்சீட்டு.

மறுநாள் திருவேட்டக்குடிப் பெண்ணே வந்தாள். தனியாக வரத் தைரியம் இல்லாமல் ஆராய்ச்சிப் பெண்ணைத் துணைக்கு அழைத்து வந்திருந்தாள்.

"நாளையிலேருந்து வரல மாமா. ஜவுளிக் கடையில வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

ஏன் என்று கேட்டேன்.

"அந்தப் பேனரு மாமா. அம்மா கூடையோட போற தெருவுல எல்லாம், ஒம் மவ கப்பு வாங்கிட்டாளாமேன்னு கேக்குறாங்க. அம்மா என்ன சொல்லும்? நான் அந்த முக்கப் பாக்கக் கூடாதுன்னு வாய்க்கால் ஓரமாச் சுத்தி வர்றேன். தோத்துட்டா நீங்க பேனரக் கிழிச்சுப் போட்டுருவீங்க. நான் எங்க மாமா போவேன்?"

பயிற்சிக்கு முன்னால் அவள் வாந்தி எடுப்பதை நான் கவனித்திருக்கிறேன். பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்தவனே நான்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள்: "நீங்க அடிக்கச் சொன்ன டிக்குல, தூங்கலங்குறது மட்டும் நெசம் மாமா."

என் சைக்கிள் கதையைச் சொல்லித் தைரியம் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஆராய்ச்சிப் பெண் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். பத்து நிமிடம் நான் பேசாமல் இருந்தேன் என்றால் என் வீட்டில் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள்.

உச்சி வெயிலில் ஏணியோடு கோட்டுச்சேரி முக்குக்குப் போனேன். ஆளை அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை. மேலே ஏறி முடிச்சை அவிழ்க்கும்போது டீக்கடையிலிருந்து ஒருவன் கேட்டான்.

"என்ன மொதலாளி, தோத்துட்டாளா?"

"இன்னும் ஆடவே இல்லடா."

"பின்ன ஏன் அவுக்கிறீங்க?"

"அதனாலதாண்டா அவுக்கிறேன்."

ஒரு பக்கம் கயிறு விட்டதும் என் பெரிய தலை மடங்கி என் மேலேயே விழுந்தது. ஒரு ஆட்டோக்காரர்தான் ஏணியைப் பிடித்து என்னை இறக்கினார். அந்தப் பேனர் இப்போது உமிக் குவியலை மூடிக் கிடக்கிறது. மழைக்கு நன்றாகத் தாங்குகிறது.

திருவேட்டக்குடிக்குப் போய் அவளுடைய அம்மாவிடம், ஆடினாலும் சரி, ஆடாவிட்டாலும் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆராய்ச்சிப் பெண் காட்டிய ஒரு மனநல மருத்துவரிடம் தாயும் மகளும் இரண்டு மூன்று தடவை போய் வந்தார்கள். பேனர் இறங்கியதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கூப்பிடாமலே களத்துக்கு வந்து நின்றாள்.

புதுச்சேரியில் அரையிறுதியில் இரண்டு புள்ளியில் தோற்றோம். நான் கடைசி வரிசையில் வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சத்தம் வராமல் இருக்க. ஆட்டம் முடிந்து அவள் நேராக என்னிடம் வந்தாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டேன். "பஸ்ஸுல வரும்போது நல்லாத் தூங்கிட்டேன் மாமா, வழியில சாப்பிடக்கூட எந்திரிக்கல, அதான் பசிக்குது" என்று சிரித்தாள். கோப்பை வாங்கியிருந்தால்கூட எனக்கு அப்படி இருந்திருக்காது.

ஆராய்ச்சிப் பெண் எனக்குக் கொடுத்த தாளைத் திருப்பிக் கேட்கவே இல்லை. என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. 'நான் தவறு செய்தால் ஒப்புக்கொள்கிறேன்' என்ற கேள்விக்கு அன்று கதவுக்கு வெளியே உட்கார்ந்து 'எப்போதும்' என்று அடித்திருந்தேன். புதுச்சேரியிலிருந்து திரும்பியதும் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு 'சில நேரம்' என்று மாற்றினேன். என் வாழ்க்கையில் நான் யாரும் சொல்லிக் கொடுக்காமல் எழுதிய சரியான விடை அது ஒன்றுதான்.