இரண்டாம் ஸ்தலத்தில் விழுந்தவர்

வாழைநாரைச் சிவப்புச் சாயத்தில் ஊறப்போட்டால் ஒரு புளித்த வாடை வரும். சாயம் நகக்கண்ணுக்குள் ஏறினால் ஈஸ்டர் வரைக்கும் போகாது. எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று தெருவில் நடக்கும் சிலுவைப்பாதையில், இயேசுவாக நடிப்பவரை அடிக்கும் சாட்டையை அந்த நாரில்தான் முறுக்குவார்கள். அடித்தால் வலிக்காது, ஆனால் வெள்ளை அங்கியில் சிவப்புக் கோடு கோடாக விழும், பார்க்கிற பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். சாட்டை முறுக்குவதும் சாயம் கலக்குவதும் என் தாய்மாமன்கள் வீட்டு வேலை; ரோமைச் சேவகர் வேஷமும் வருஷா வருஷம் அவர்கள் இருவருக்கும்தான்.

எனக்குப் பதினோரு வயதான வருஷம் சிலுவை தூக்கியவர் என் அப்பா. அதில்தான் வினையே. தேங்காய் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, எங்களை விட்டுவிட்டுப் பட்டுக்கோட்டையில் இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்தப் போய், இரண்டு வருஷம் கழித்துத் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று வாசலில் வந்து நின்றார். அம்மா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவராகவே மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொண்டார். பங்குச் சாமியாரோ, "தப்பு பண்ணுனேன்னு ஒத்துக்கிட்டவன் தூக்கட்டும்" என்று வேஷத்தை அவருக்கே கொடுத்துவிட்டார். நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாட்டோடு அப்பா "ஒருசந்தி" இருந்ததைப் பார்த்தும் எனக்கு மனம் இளகவில்லை. அந்த இரண்டு வருஷமும் அம்மா கூலிக்கு நடவு நட்டாள், பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே "ஓடிப்போனவன் பொண்ணு". இவர் செத்தாலும் தேவலை என்று நான் ஜெபத்திலேயே கேட்டிருக்கிறேன்.

பெரிய வெள்ளி மத்தியானம் மாமா வீட்டுக் கொல்லைக்குப் போனபோது, சின்ன மாமா நார்ச்சாட்டையை வைக்கோல்போரில் செருகிவிட்டு, மாடு கட்டும் நைலான் கயிற்றில் நாலு முடிச்சுப் போட்டு அதே சாய வாளியில் முக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். நானும் தலையாட்டினேன், பயந்து அல்ல, சந்தோஷமாக.

சிலுவைப்பாதையில் நின்று ஜெபிக்கும் இடங்கள் பதினான்கு, அவற்றை "ஸ்தலம்" என்போம். மூன்றாம் ஸ்தலத்தில்தான் இயேசு முதல் தடவை விழ வேண்டும். அப்பா இரண்டாம் ஸ்தலத்திலேயே கொதிக்கிற தார்ரோட்டில் குப்புற விழுந்தார். முதல் அடியிலேயே அவருக்குப் புரிந்திருக்கும், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மாமாக்கள் ஒரு கயிற்றை மாற்றி மாற்றி வாங்கி அடித்தார்கள், அங்கி கிழிந்தது, முதுகுத் தோல் பிளந்தது, சாயமும் ரத்தமும் ஒரே நிறமாக இருந்ததால் ஊருக்கு வித்தியாசம் தெரியவில்லை. "என்னமா நடிக்கிறான்" என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தயவாயிரும் சுவாமி என்று ஐந்நூறு பேர் ஆண்டவரிடம் உருகிக் கேட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் தொண்டை கிழிய, "இன்னும் போடுங்க மாமா" என்று கத்தினேன்.

எழுந்திருக்கப் பார்த்த அப்பாவின் காதில் அடுத்த முடிச்சு இறங்கியது. பாதிக் காது பிய்ந்து தொங்க, அவர் முழங்காலால் தவழ்ந்து என்னைத் தாண்டிப் போனார். என் கால்மேல் இரண்டு சொட்டு விழுந்தது. சூடாக இருந்தது. சாயம் சூடாக இருக்காது என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, அது சாயம் இல்ல. நைலான் கயிறு. நான் பாத்தேன்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், இறங்குகிற கயிற்றுக்குக் குறுக்கே கையை நீட்டினாள். கயிறு அவள் முழங்கையைச் சுற்றிச் சதையைக் கிழித்தது. "உனக்காகத்தான்டி அடிக்கிறோம்" என்று பெரிய மாமா கத்தினார். "எனக்காகன்னா நிறுத்துங்கண்ணே. எனக்குப் பண்ணுனத நான் கேட்டுக்கிறேன்" என்றாள் அம்மா. சிலுவையைத் தள்ளிவிட்டு, ரோட்டிலேயே உட்கார்ந்து, அப்பா தலையை மடியில் வைத்து, முந்தானையைச் சுருட்டிக் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிட்டாயா என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். அம்மா நிமிரவில்லை. "மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல ரத்தம் நிக்கட்டும்" என்றாள். எதுவும் தெரியாமல், ஜெபம் நடத்துகிற உபதேசியார் ஊர்வலத்தின் முன்னால் மைக்கில் மூன்றாம் ஸ்தலத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

திருவாரூர் ஆஸ்பத்திரியில் காதைத் தைத்தார்கள், கேட்கும் சக்தி திரும்பவில்லை. அதன் பிறகு ஒரு வருஷம் அம்மா அவரோடு பேசவில்லை, ஆனால் சோறு போடாமல் இருந்ததும் இல்லை. கயிற்றைப் பார்த்தும் நான் சொல்லாமல் இருந்ததைப் பற்றி என்னிடமும் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷமே சேவகர் வேஷம் நின்றுபோனது. இப்போது தென்னை மரங்களில் படம் மாட்டி, அதன் முன்னால் நின்று ஜெபிக்கிறார்கள். அடியும் இல்லை, மாரடித்து அழுகிறவர்களும் இல்லை, அதற்காக நான் ஏங்கவும் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. போன தை மாதம் அம்மாவும் போய்விட்டாள். சாவு வீட்டு ஷாமியானாவுக்கு வெளியே கையில் ஒரு மாலையோடு தயங்கி நின்ற நரைத்த பெண்ணை, பட்டுக்கோட்டைக்காரி என்று யாரோ அடையாளம் சொல்லிவிட்டார்கள். எழுபது வயதுப் பெரிய மாமா பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அடிக்க ஓடினார்.

நான் நடுவில் போய் நின்றேன். "உள்ள வாங்க, சின்னம்மா" என்றேன். அப்படிக் கூப்பிட எனக்கு நாக்குக் கூசியது, இன்றைக்கும் அவர்மேல் பாசமெல்லாம் கிடையாது. மாமா என்னை முறைத்துவிட்டு, நாற்காலியைக் கீழே போட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் தலைமாட்டுக்குக் கூட்டிப் போக அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தேன். மாமாவைத் தாண்டும்போது அவர் தோளைக் குறுக்கிக் குனிந்துகொண்டார். அடி விழும் என்று தெரிந்தேதான் வந்திருக்கிறார்.