தரைவிரிப்பில் வந்த சிவப்பு மண்

வேலைக்குப் போகும் காலைகளில், காருக்குள் ஏறி ஹீற்றரைப் போட்டதும், டாஷ்போர்ட்டின் துவாரங்களிலிருந்து மெல்லிய சிவப்புத் தூள் பறந்து வந்து என் வெள்ளைச் சேட்டில் படிகிறது. இதை எழுதும் இன்று ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. சிட்னியிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் பிறோக்கன் ஹில் பக்கம் நாங்கள் போய்வந்தது கடந்த ஒக்ரோபரில். அதன் பிறகு காரை எத்தனையோ தடவை கழுவியாயிற்று. பில்டரும் மாற்றியாயிற்று. சிட்னியில் குளிர் மெல்லத் தொடங்கி, முதன்முதலாக ஹீற்றரைப் போட்ட அன்று திரும்பவும் வந்துவிட்டது. தும்மிக்கொண்டேதான் வென்ட்வேர்த்வில் ரயில் ஸ்டேஷனில் காரை நிறுத்துகிறேன். மற்றவர்களுக்கு இது வெறும் தூசி. எனக்கு இதைக் கண்டால் எரிச்சல் வருகிறது. காரணத்தைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். அவுஸ்திரேலியா என்றதும் நீங்கள் நினைப்பது கடற்கரையும் கண்ணாடிக் கட்டடங்களும். நாங்கள் இருப்பதும் அந்த விளிம்பில்தான். உள்ளே பெரும்பகுதி வறண்ட நிலம். அதை இங்கே அவுட்பாக் என்பார்கள். இங்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியும் அந்த நிலத்தைக் காணாத தமிழர்கள் எங்களில் ஏராளம். எனக்கு அது நெடுநாள் ஆசை. பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை, மிச்ச நேரமெல்லாம் கமரா. எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு, மாதம், திகதி, இடம் என்று பெயரிட்டு வைப்பவன் நான். அந்தக் காலத்தில் கப்பலில் வந்து இந்த நிலத்தை வரைந்த வெள்ளைக்கார ஓவியர்களைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். அவர்களில் பலர் இங்கிருந்த யூக்கலிப்டஸ் மரங்களைத் தங்கள் ஊர் மரங்களைப் போல வட்டக் குடைகளாகத்தான் வரைந்தார்கள். கண்ணுக்கு முன்னால் நின்றதைக் காண அவர்களுக்குப் பல காலம் பிடித்தது. கமராவுக்கு அந்தத் தவறு நேராது என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

பயணத்துக்கு என் மனைவி வசந்தி செய்த ஆயத்தம் வேறு விதம். போகும் வழியில் சாப்பாடு கிடையாது என்று அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பின்பெட்டி முழுவதும் பிட்டு, சம்பல், இரண்டு தட்டு ரோல்ஸ், ஒரு மாதத்துக்குப் போதுமான தண்ணீர். என் கமரா முக்காலி பின்சீற்றில் மகளைப்போல பெல்ட் கட்டிக்கொண்டு வந்தது. உண்மையான மகள் அபி, யூனிவர்சிட்டிப் பரீட்சை என்று வீட்டில் நின்றுவிட்டாள்.

பிறோக்கன் ஹில்லைத் தாண்டிய இரண்டாம் நாள் பின்னேரம், நான் நினைத்திருந்த இடம் கிடைத்தது. சிவந்த தரை, சாம்பல் நிறப் பற்றைகள், தூரத்தில் தண்ணீரில்லாத ஓர் ஆற்றின் தடத்தில் வரிசையாக மரங்கள். வேறு எதுவும் இல்லை. இறங்கியதும் இலையான்கள் மொய்த்தன. கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் இலையான். வசந்தி ஒரு நிமிடம் நின்று பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, நான் காருக்கை இருக்கிறன். நீங்கள் ஆறுதலா எடுத்துக்கொண்டு வாங்கோ."

"இவ்வளவு தூரம் வந்து காருக்கையோ?"

"கண்ணாடிக்குள்ளாலயும் தெரியுதுதானே."

கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரொறன்ரோவிலிருக்கும் தங்கையோடு கதைக்கத் தொடங்கினாள். அங்கே சிக்னல் கிடைத்ததே ஓர் அதிசயம். சிக்னல் போனதும் ரோல்ஸ் சாப்பிட்டாள். நான் சூரியன் சரிவதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பழைய ட்ரக் வந்து நின்றது. தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் தலையை நீட்டினார். "எவ்ரிதிங் ஓல்றைற், மேட்?" கார் பழுதாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். படம் எடுக்கிறேன் என்றேன். எதை என்று கேட்டார். அதோ என்று கையைக் காட்டினேன். அவர் திரும்பி நெடுநேரம் பார்த்தார். "அங்கே ஒன்றும் இல்லையே" என்றார். அதைத்தான் எடுக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் நம்பவில்லை. கயிறு இருக்கிறது, இழுத்துக்கொண்டு போய் விடுகிறேன் என்றார். வசந்தி கண்ணாடியை இறக்கி இரண்டு ரோல்ஸைக் கொடுத்தாள். உறைப்பில் கண் கலங்கியபடி அதைத் தின்றுகொண்டே, என்னைக் காட்டி, இவர் நலமாகத்தான் இருக்கிறாரா என்று அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஹீ இஸ் ஓல்வேய்ஸ் லைக் திஸ்" என்றாள் வசந்தி.

அந்தப் பின்னேரத்தில் எடுத்த படங்களில் ஒன்று நான் இதுவரை எடுத்தவற்றில் சிறந்தது என்று இப்போதும் சொல்வேன். காரின் நிழல், சில்லுத் தடம், ட்ரக் போன புழுதி ஒன்றும் படச்சட்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டேன். மனிதர் காலடி படாத நிலம்போல இருக்கும்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து எல்லோரும் ஒரே இரவில் வெளியேறியபோது எங்கள் வீட்டுப் புகைப்பட அல்பங்கள் அங்கேயே கிடந்துவிட்டன. பிறகு இடம்பெயர்ந்து இருந்த வன்னியில் கமராவைக் கண்டதாகவே ஞாபகமில்லை. பற்றரி கிடைக்காத காலம். அடுத்த ஆண்டு அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளியது. இயக்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் அதை ஏற்கவில்லை. ஒருவரிடம் மணி கேட்டால், "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த ஆண்டுகளில் இருந்து என்னிடம் மிஞ்சியவை, வவுனியாவில் பயண அனுமதிப் பாஸ் எடுப்பதற்காக எடுத்த சில சிறிய படங்கள்தான். எல்லாவற்றிலும் என் முகம், பின்னால் ஒரு வெள்ளைத் துணி. நான் எங்கே நிற்கிறேன் என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இல்லை. அதனால்தான் இன்று திகதியும் இடமும் எழுதாமல் ஒரு படத்தையும் வைப்பதில்லை.

சிட்னிக்குத் திரும்பியதும், காரைத் துப்பரவாக்கும்படி வசந்தியிடம் சொல்லிவிட்டு நான் படங்களோடு உட்கார்ந்துவிட்டேன். அவள் தரைவிரிப்புகளை வெளியே எடுத்துத் தட்டினாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எங்கள் குசினியில் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுவது என் பொறுப்பு. ஊரிலிருந்து மாமி அனுப்பும் கறித்தூள் எந்தப் போத்தலில் வேண்டுமானாலும் வந்து சேரும். வந்த மாதத்தை எழுதி ஒட்டிவிடுவேன். யன்னலோரம் லேபல் இல்லாத பழைய கோப்பிப் போத்தல் ஒன்றில் நன்றாக வறுத்த தூள் இருக்கக் கண்டு, 'கறித்தூள், நவம்பர்' என்று எழுதி ஒட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கறி என் முறை. தடிமனில் மூக்கு அடைத்திருந்தது. இரண்டு கரண்டி அள்ளிப் போட்டேன். நிறம் அற்புதமாக வந்தது.

முதல் வாயிலேயே அபி நிறுத்திவிட்டாள். "அப்பா, வை இஸ் இற் கிரஞ்சி?"

வசந்தி கறியைப் பார்த்தாள். யன்னலைப் பார்த்தாள். எழும்பிப் போய்ப் போத்தலை எடுத்து லேபலைப் படித்தாள். பிறகு கதிரையில் இருந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"இது கார் விரிப்பில இருந்து தட்டின மண்ணப்பா! அரிச்சு வைச்சிருக்கிறன். பிறோக்கன் ஹில்லுக்கு இறைச்சி போட்டுக் காய்ச்சியிருக்கிறியள்!"

"மண்ணை ஏன் அரிச்சு வைச்சிருக்கிறீர்?"

அதற்குப் பதில் காட்டத்தான் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கவுன்சில் நடத்தும் ஓவிய வகுப்புக்கு அவள் வியாழக்கிழமைகளில் போய்வருவது எனக்குத் தெரியும். பூச்சாடிதான் வரைகிறாள் என்று நினைத்திருந்தேன். கராஜில், என் பழைய சாறத்தால் மூடியிருந்த பெரிய கன்வசைத் திறந்தாள்.

அதே இடம். அதே மரவரிசை. மரங்கள் அவசரமான நாலைந்து கீறல்கள்தான். ஆனால் தரை உயிரோடு இருந்தது. மண்ணைப் பசையில் குழைத்துப் பூசியிருந்தாள். தொட்டால் கையில் சிவப்பு ஒட்டும் போலிருந்தது. வெயிலில் நின்ற நான் அந்த வெக்கையை என் படத்தில் ஒருநாளும் உணரவில்லை. குளிரூட்டிய காருக்குள் ரோல்ஸ் தின்றவளின் படத்தில் அது இருந்தது.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து என் படங்களுக்கெல்லாம் அவள் சொல்லிவந்த 'நல்லாயிருக்கு' என்ற ஒரு சொல்லை இப்போது அவள் எதிர்பார்க்கிறாள் என்பது எனக்கு விளங்கியது.

"வானத்தில மஞ்சள் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன்.

"ம்" என்று சொல்லிச் சாறத்தால் மூடினாள்.

'நல்லாயிருக்கு' என்ற அந்தச் சொல்லை நான் சொல்லாததற்கு ஒரே காரணம் பொறாமை. வேறு ஒருவர் வரைந்திருந்தால் தாராளமாகப் பாராட்டியிருப்பேன். இவள் இறங்கவில்லை, காத்திருக்கவில்லை, ஒரு புத்தகம் வாசிக்கவில்லை. பரமட்டாவில் ஒரு சிறிய கலைக்கூடம் உள்ளூர்க்காரரின் படங்களைக் கண்காட்சிக்குக் கேட்டபோது அபி இருவருடையதையும் அனுப்பினாள். பெப்ரவரியில் பதில் வந்தது. வசந்தியுடையதை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு, ஆர்வத்துக்கு நன்றி என்று ஒரு வரி. அபி என் முகத்தைப் பார்த்து, "இற்ஸ் ஓகே, அப்பா" என்றாள். அந்த ஓகே இன்னும் கசந்தது.

திறப்பு நாளன்று வசந்தி காஞ்சிபுரம் கட்டினாள். அவளைச் சுற்றி வகுப்புத் தோழிகள். நான் படத்தருகே தனியே நின்றேன். கையில் வைன் கிளாசோடு ஒரு மூதாட்டி வந்து, இந்தப் படம் எவ்வளவு அழகு என்றார். அங்கேயே வளர்ந்தவர் யாரோ வரைந்ததுபோல இருக்கிறது என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. நான் எடுத்த புகைப்படத்தைப் பார்த்துத்தான் என் மனைவி இதை வரைந்தாள் என்றேன். அது பொய். என் படத்தை அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மரவரிசை உண்மையில் இன்னும் இடப்பக்கம் என்றேன், வானத்தின் மஞ்சளைப் பற்றிச் சொன்னேன், போனை எடுத்து என் படத்தைக் காட்டினேன்.

மூதாட்டி கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "ஓ, லவ்லி" என்றார். "ஹொலிடே நன்றாக இருந்ததா?"

திரும்பினால் பின்னால் வசந்தி நின்றாள்.

திரும்பும் வழியில் பரமட்டாச் சந்திகள் எல்லாம் சிவப்பு விளக்கு. அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"உங்கட படத்தைப் பாத்தெண்டு ஏன் சொன்னனீங்கள்? உங்கட படத்தில அவர் இல்லையே."

"எவர்?"

"இவ்வளவு பிழை கண்டுபிடிச்சனீங்கள், அதைக் காணேல்லையோ? வடிவாப் போய்ப் பாருங்கோ."

அடுத்த நாள் மதிய இடைவேளையில் போனேன். மண்டபத்தில் யாருமில்லை. படத்தின் வலது பக்கத்தில், கீழே, நான் எரிந்த மரக்குற்றி என்று எண்ணியிருந்த ஒன்று. கிட்டப்போய்ப் பார்த்தேன். மூன்று மெல்லிய கோடுகள், முக்காலி. அதன்மேல் குனிந்த ஒரு முதுகு. கையொன்று இலையானை விரட்டிக்கொண்டிருந்தது. அந்த முதுகுக்கும் தரையின் அதே மண்ணைத்தான் பூசியிருந்தாள். என் சப்பாத்தில் ஒட்டிக் காருக்குள் வந்த மண். நான் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அத்தனை நேரமும், அவள் கண்ணாடிக்குள்ளால் நிலத்தையும் என்னையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாள்.

வவுனியாப் படங்களில் நான் இருக்கிறேன், நிலம் இல்லை. இந்த நாட்டில் நான் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் நிலம் இருக்கிறது, நான் இல்லை. இரண்டும் சேர்ந்து இருப்பது அவள் வரைந்த இந்த ஒன்றில் மட்டுந்தான். அதை அவள் செய்துவிட்டாள் என்பதிலும் எனக்குப் பொறாமைதான். மறைப்பானேன்.

கண்காட்சி முடிந்து போன ஞாயிற்றுக்கிழமை படம் வீட்டுக்கு வந்தது. ஹோலில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தாள். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு போனேன்.

"பின்னால திகதி எழுதினனீரோ?"

"எனக்கெங்க ஞாபகம். உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்."

"நல்ல படத்துக்குத் திகதி இருக்கவேணும்" என்றேன்.

அவள் படத்தைத் திருப்பி, நான் எழுத வசதியாக இரண்டு கையாலும் பிடித்தாள். இடத்தை எழுதினேன், அவள் பெயரை எழுதினேன், திகதியை எழுதினேன். நேரத்தை எழுதப்போகையில் கை நின்றது. பிறோக்கன் ஹில்லில் கடிகாரம் சிட்னியைவிட அரை மணித்தியாலம் பின்னால். என் கமரா சிட்னி நேரத்திலேயே இருந்திருக்கிறது. எதை எழுதுவது?

வசந்தி படத்துக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்றாள்.

இருவரும் சிரித்துவிட்டோம். நேரத்துக்கான இடத்தை வெறுமையாகவே விட்டேன்.

படம் இப்போது ஹோலில் தொங்குகிறது. காலையில் கோப்பியோடு அதன் முன்னால் நிற்கிறேன். பிறகு காருக்குள் ஏறி, ஹீற்றரைப் போட்டு, தும்மி, சேட்டைத் தட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். படத்தில் இருப்பவனுக்கு அந்த அவசரம் இல்லை. எங்கிருந்து வந்தாய், எப்போது போவாய் என்று அவனை யாரும் கேட்பதில்லை. இலையானை விரட்டிக்கொண்டு, நின்ற மண்ணின் நிறத்திலேயே நிற்கிறான். அவனைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.