மழை விழும்போது எடுத்த படம்

ஒரு துளி மழை பட்டாலே கமரா செத்துப்போகும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. சண்டிலிப்பாயில் மாரி மழை பிடித்ததும், கொடியில் காயும் உடுப்பை எடுப்பதற்கு முன்பே கமரா அலுமாரிக்குள் போய்விடும். அம்மாவின் பழைய நூற்சேலையால் அதைச் சுற்றிக் கட்டி, மடித்த துணிகளுக்கு அடியில் வைப்பார் சின்னம்மா. அவர் அம்மாவின் தங்கை. அம்மா காலமான பிறகு என்னோடு இருப்பவர். நானும் அந்த நம்பிக்கைக்குள்தான் இருந்தேன். தொண்டைமானாற்றுக்கு நீர்ப்பறவைகளைப் படம் எடுக்கப் போகும் நாட்களில்கூட, வானம் கறுத்தால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன்.

கமரா என் அண்ணை கொண்டுவந்தது. தொழில் செய்பவர்கள் பாவிக்கும் கனத்த வகை. எங்களைப் பெற்ற ஐயாவைத் தன்னோடு கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்தபோது அதை என்னிடம் தந்து, தோட்டத்தை அடிக்கடி எடுத்து அனுப்பு, அவர் தேடுவார் என்றார்.

ஐயா தேடியது மழையை. அங்கே போய் இரண்டாவது குளிர்காலத்தில் அவர் படுக்கையோடு ஆகிவிட்டார். இனி ஊர் திரும்புவதில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. தன்னுடைய தோட்டத்தில் மாரி மழை விழுவதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். தொலைபேசியில் நேரே காட்டிப் பார்த்தோம். மழை நேரத்தில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. ஓடுகிற படம் அவருடைய மங்கிய கண்ணுக்குப் பிடிபடவுமில்லை. பெரிதாக அச்சிட்டு, யன்னல் வெளிச்சத்தில் முகத்துக்குக் கிட்டப் பிடித்தால் ஓரளவு பார்ப்பார் என்றார் அண்ணை.

நான் படங்களை அனுப்பினேன். நனைந்த வாழையிலைகள், கிணற்றுக் கட்டில் தேங்கிய நீர், கறுத்துக் கிடந்த மண். எனக்கு அவை அழகாகவே தெரிந்தன. அண்ணை அவற்றை அச்சிட்டுக் காட்டிவிட்டுத் தொலைபேசியை ஐயாவின் காதருகே வைத்தார்.

"பிள்ளை, உது மழை விட்டாப் பிறகு எடுத்தது," என்றார் ஐயா. "மழை எங்கை?"

மழையைப் படம் எடுக்க, மழை விடும்வரை காத்திருந்திருக்கிறேன்.

அன்று கமராவை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சேலையின் ஈரமும் அலுமாரியின் இருட்டும் சேர்ந்து, லென்ஸின் விளிம்பில் சிலந்தி இழைபோலப் பூஞ்சணம் படரத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் கமரா திருத்துகிறவரிடம் கொடுத்துத் துடைப்பித்தேன். தண்ணீர் தெறித்தால் தாங்கும்படி மூட்டுகளில் றப்பர் வளையம் வைத்துச் செய்த கமரா இது, காற்றுப் படாமல் பூட்டி வைப்பதுதான் கேடு என்றார் அவர். வீட்டுக்கு வந்ததும் சேலையை அவிழ்த்துச் சின்னம்மாவிடம் கொடுத்தேன். இனி மழையில் போவேன் என்றும் சொன்னேன்.

நம்பிக்கை அவ்வளவு எளிதில் விட்டுவிடாது. றப்பர் வளையம் இருந்தும், தடித்த பொலித்தீன் பை ஒன்றில் லென்ஸ் அளவுக்குத் துளையிட்டுக் கமராவை அதற்குள் விட்டு, இறுக்கமாக றப்பர் பட்டி போட்டேன்.

"உது கமராவோ, கட்டுச்சோறோ?" என்று கேட்டார் சின்னம்மா.

கேட்டாரே தவிர, குடையோடு என் பின்னால் வந்தார். குடையின் விளிம்பிலிருந்து வழிந்த நீர் லென்ஸுக்கு முன்னால் தாரையாக விழுந்தது. உள்ளே போகச் சொன்னேன். போகவில்லை. கமராவுக்குச் சட்டை போட்டவள் தனக்குப் போடவில்லை என்று முணுமுணுத்தபடி தள்ளி நின்றார்.

முதல் நாள் எடுத்த படங்களில் மழையே இல்லை. வெளுத்த வானத்துக்கு எதிரே விழும் நீர் வானத்தோடு கரைந்துவிடுகிறது. கண் காண்பதைக் கமரா காண்பதில்லை என்பதை நான் நனைந்துதான் கற்றுக்கொண்டேன். ஒளியை நொடிப்பொழுது மட்டும் உள்ளே விட்டால் மழை புள்ளியாக நிற்கும். அதிகம் விட்டால் புகையாகப் போகும். இரண்டுக்கும் இடையில் ஓரிடத்தில்தான் அது இழையாக இறங்கும். அந்த இழை தெரியப் பின்னால் இருள் வேண்டும். இழைக்குப் பின்னாலிருந்து வெளிச்சமும் வேண்டும்.

இருள் எங்கள் மேற்கு வேலியில் இருந்தது, நெருங்கி நின்ற பனைகளில். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், அந்தப் பக்கம் பார்த்து நின்றால் மழை முதுகில்தான் விழும். பின்னேரத்தில் மேற்கு வானம் சற்றுத் திறந்து, அதே நேரம் தோட்டத்தில் மழையும் பெய்ய வேண்டும். அதற்காகப் பின்னேரங்கள் தோறும் கழுத்தில் துவாயோடு போய் நின்றேன். சில நாள் வெளிச்சம் வந்தது, மழை இல்லை. சில நாள் மழை வந்து இருட்டோடு போயிற்று. ஐயா சாப்பாட்டைக் குறைத்துவிட்டார் என்று அண்ணை சொன்ன நாளிலும் போய் நின்றேன். அன்று ஒன்றும் அமையவில்லை.

ஒரு பின்னேரம் மழை அடித்துக்கொண்டிருக்கும்போதே பனைகளுக்குப் பின்னால் மேகம் விலகியது. அத்தனை இழைகளும் ஒன்றாகத் துலங்கின. என் மூச்சுப்பட்டுப் பார்வைத் துளை மங்கியது. துவாயால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். வெளிச்சம் போன பிறகுதான் கை விறைத்திருந்தது தெரிந்தது.

அண்ணை அந்தப் படத்தை ஆளுயரத்துக்கு அச்சிட்டுக் கட்டிலருகே நிறுத்தினார். ஐயா தலையைத் தூக்கி அதற்குக் கிட்டக் கொண்டுபோனாராம். பிறகு தொலைபேசியைக் கேட்டு வாங்கினார்.

"ஓம், பெய்யுது," என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "வடக்கு மூலையிலை தண்ணி நிக்குது, பிள்ளை. வாய்க்காலை வெட்டிவிடு."

படத்தின் ஓரத்தில் அந்த மூலை விழுந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. வெட்டிவிட்டதும் மெல்ல ஓடத் தொடங்கியது. ஓடுகிறது என்று அன்றே சொல்லி அனுப்பினேன்.

அடுத்த மாரியை ஐயா காணவில்லை. அண்ணை அங்கே இருக்கிறார். இங்கே, தோட்டத்தோடு, சின்னம்மாவும் நானும் இருக்கிறோம்.