பதினைந்து கிலோமீட்டர் மட்டும் கேட்கும் வானொலி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நான் வேலை செய்யும் கம்பெனி கேன்டீனில் லீவு சொல்லிவிட்டு, குந்தாரப்பள்ளிப் பக்கம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலி நிலையத்தைப் பார்த்து வந்தேன். இதுவரை கோயிலுக்கும் அணைக்கும் போய் வந்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ரேடியோ ஸ்டேஷனுக்கு ஒரு பயணமா என்று கேட்பீர்கள். என் மகள் பவித்ரா அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாள். அந்த வானொலியில் இரண்டு வருடம் பேசினாள். இந்தப் பங்குனியில் மூளைக் காய்ச்சல் வந்து போய்விட்டாள்.

அவள் ரேடியோவில் பேசியதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த வானொலி பதினைந்து கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில்தான் கேட்கும். நாங்கள் இருக்கும் ஓசூருக்கு எட்டாது. போனில் அவள் அனுப்பிய குரல் செய்திகள் என்னிடம் இருக்கின்றன, "அம்மா சாப்ட்டியா", "அம்மா பஸ் ஏறிட்டேன்" என்று. அது வீட்டுக்குப் பேசும் குரல். ஊருக்குப் பேசிய குரலை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

காலை எட்டேகாலுக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி வண்டி ஏறினேன். வேப்பனப்பள்ளி ரோடு பிரிகிற குந்தாரப்பள்ளி கூட்ரோடு நாற்பது கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா வண்டியும் அங்கே நிற்பதில்லை.

"கூட்ரோடா? சூளகிரி தாண்டனதும் முன்னாடி வந்துடுங்க்கா. அப்புறம் தூங்கிட்டேன், கிருஷ்ணகிரில எறக்கி உட்டுட்டீங்கன்னு என்னைத் திட்டாதீங்க," என்றார் கண்டக்டர். அதே மூச்சில் பின்சீட்டுக்காரரிடம் கன்னடத்தில் சில்லறை கேட்டார்.

பழைய பட்டன் போன் ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். இப்போது வருகிற போன்கள் பலவற்றில் எஃப்.எம். இல்லை. இயர்போன் ஒயரைச் செருகினால்தான் பட்டன் போனில் ரேடியோ எடுக்கும், அந்த ஒயர்தான் அதற்கு ஏரியல். சூளகிரி வரை பெங்களூர் ஸ்டேஷன் பாட்டுத்தான். அங்கே மலை தாண்டியதும் மாணவர் வானொலியின் நம்பருக்கு மாற்றினேன். முதலில் சரசரப்பு. பிறகு ஒரு பையன் தெலுங்கில் மாமரத்துக்கு மருந்து அடிப்பதைப் பற்றிப் பேசுவது கேட்டது. ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேர்கிற தூரம்தான். அவள் இருந்தபோது ஒரு நாள் இப்படி ஏறி உட்கார்ந்திருக்கலாம். வேலை நாளில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்குவார் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளியில் ஆட்டுச்சந்தை. கூட்ரோட்டில் வண்டி ஊர்ந்தது. அங்கிருந்து வேப்பனப்பள்ளி போகும் டவுன் பஸ்ஸில் நான்கு கிலோமீட்டர், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. சந்தை நாளில் ஆட்டுக்கும் உட்கார இடம் வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் காலடியில் இரண்டு குட்டிகள் வந்தன.

காவ்யா பல்கலைக்கழக வாசலுக்கே வந்துவிட்டாள். பவித்ராவோடு படித்தவள், வேப்பனப்பள்ளிப் பெண், வீட்டில் தெலுங்கு. என் கைப்பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தாள்.

நிலையம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். இரண்டு அறை. முன்பு பழைய பரீட்சைப் பேப்பர் கட்டுகளைப் போட்டு வைத்திருந்த இடமாம். பொறுப்பில் இருக்கும் சிவகாமி மேடம், நிலையம் தொடங்கிய முதல் வருடம் மாணவியாக இங்கே வந்தவர். ஒப்பந்த வேலை, வருடா வருடம் நீட்டிக்கிறார்கள். டீ கொடுத்துவிட்டு அவரே கதை சொன்னார்.

"எதிரொலி அடிக்கக் கூடாதுன்னு செவுத்துல ஏதாவது ஒட்டணும். அதுக்குக் காசு இல்லைங்க. சந்தைல பழைய சாக்கு வாங்கியாந்து ஆணி அடிச்சோம். பாத்தா எல்லாம் மொளகா மூட்டை சாக்கு. ஒரு வருஷம் பூரா தும்மிக்கிட்டே நிகழ்ச்சி பண்ணோம். ஆளுங்க போன் பண்ணி, ஏம்மா உங்க ஸ்டேஷன்ல எல்லாருக்கும் சளியான்னு கேப்பாங்க."

அப்புறம் ஒரு கோடையில் இடி விழுந்து ஒலிபரப்பும் மெஷின் கருகிவிட்டதாம். அதைச் சரி செய்து வாங்கப் பல மாதம் ஆகியிருக்கிறது. அதற்குள் ஸ்டேஷனை மூடிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு வந்துவிட்டது. மாணவர்கள் ஒரு மினிடோர் வண்டியில் ஸ்பீக்கர் கட்டி, பதிவு செய்த நிகழ்ச்சிகளை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்களாம். தமிழில் பேசினால் தெலுங்குக்காரர் கோபிக்கிறார், தெலுங்கில் பேசினால் கன்னடக்காரர் கோபிக்கிறார். செய்தி சொல்ல இவர்களுக்கு அனுமதி இல்லை. விளம்பரமும் மாம்பழக்கூழ் ஆலைகள் ஓடுகிற சீசனில்தான் வரும், மற்ற மாதங்களில் பல்கலைக்கழகம் கொடுப்பதை வைத்து ஓட்ட வேண்டும்.

"அதெல்லாம்கூடப் பரவாயில்லைங்க. ஒரு பொண்ணுக்கு மைக் புடிக்க, வெட்டி ஒட்ட, பயமில்லாம பேசக் கத்துக்கொடுக்க ரெண்டு வருஷம் ஆவுது. நல்லாப் பேச ஆரம்பிக்கறப்ப படிப்பு முடிஞ்சு போயிடுறாங்க," என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் டீ டம்ளர்களை எடுத்து வைத்தார்.

நானே கேட்டேன். "மேடம், எம் பொண்ணு பேசுனது எதையாவது போடுங்களேன். கேட்டுட்டுப் போறேன்."

அவர் காவ்யாவைப் பார்த்தார். ஒலிபரப்பானதை மூன்று மாதம் வைத்திருப்பார்களாம். பிறகு இடம் பற்றாமல் அழித்துவிட்டு அதன் மேலேயே புதியதைப் பதிவு செய்வார்களாம். பங்குனி போய் இது ஆவணி. இரண்டு வருடம் பேசியது ஒன்றுகூட இல்லை. யார்மேலும் தப்பில்லை. கேன்டீனில் நாங்களும் சாயங்காலம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கத்தான் செய்கிறோம்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கும்மா," என்றாள் காவ்யா. "ஆட்டுச்சந்தைல எடுத்துட்டு வந்தது. வெட்டி ஒட்டறதுக்குள்ள காய்ச்சல்ல படுத்துட்டா. ரெக்கார்டர்லயே கெடந்துச்சு. எங்களுக்கு அதுல கை வைக்க மனசு வரல."

சாக்கு அறையில் என்னை உட்கார வைத்துப் போட்டார்கள். முதலில் ஆடுகள் கத்தின. பிறகு அவள்.

"அண்ணா, மைக் லெவல் பாக்கணும். காலைல என்ன சாப்ட்டீங்க, சொல்லுங்க."

"களி. நீ இன்னா சாப்ட?"

"புளிக்காய்ச்சல்ணா. அம்மா பாட்டில்ல குடுத்துவிட்டது. ஆஸ்டல் சோத்துல போட்டுப் பெசஞ்சேன்."

"ஏன், ஆஸ்டல்ல சாம்பார் ஊத்த மாட்டாங்களா?"

"ஊத்துறாங்கண்ணா. பருப்பத்தான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கோம். சரி, லெவல் வந்துருச்சு. இனிமே நான் பேச மாட்டேன், தலைய மட்டுந்தான் ஆட்டுவேன். நீங்க பாட்டுக்குப் பேசுங்க."

பாட்டில் காலியானால் சொல்லு என்று அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தேன்.

பேசுகிறவர் பெயர் கோவிந்தப்பா, ஆட்டு வியாபாரி. ஆட்டின் முதுகெலும்பைத் தடவி எடை பார்ப்பது, பல்லைப் பார்த்து வயது சொல்வது எல்லாம் விவரமாகச் சொல்கிறார். ஊடே பவித்ராவின் சத்தம் இல்லை. "ம்" போட்டால் பதிவு கெட்டுவிடும் என்று முதலில் இதைத்தான் பழக்குவார்களாம். நடுவில் ஓரிடத்தில் அவர், "வெல பேசறது வாயால இல்ல பாப்பா. துண்டுக்குள்ள. கையக் குடு," என்கிறார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. தூரத்தில் ஆடு, ஒரு லாரி ஹாரன். துண்டுக்கு அடியில் அவள் விரலைப் பிடித்து விலை சொல்கிறார், வேறொருவருக்கும் தெரியாதபடி. கொஞ்ச நேரம் கழித்து, "புரிஞ்சுதா?" என்கிறார். "சும்மா தலைய ஆட்டாத. எவ்ளோ சொல்லு."

"எட்டாயிரத்து ஐநூறு."

"அடிப் பாவி, யாவாரி ஆயிட்ட."

அந்த விலையை அவள் எனக்குப் பழக்கமில்லாத குரலில், மைக்குக்கு நேராக, நிதானமாகச் சொல்லியிருந்தாள்.

காவ்யா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கோவிந்தப்பா அண்ணன் வாராவாரம் கேக்கறாரும்மா, என் பேச்சு எப்ப வரும்னு. நீங்க சரின்னா இன்னிக்கி அஞ்சு மணிக்குப் போடறோம். அவ சாப்பாடு பத்திப் பேசறதோட முழுசாவே போட்டுடலாம்."

"லெவல் பாக்குறதையெல்லாம் ரேடியோவுல போடுவீகளா?"

"போட மாட்டோம்."

"அவ இருந்தா என்ன செஞ்சிருப்பா?"

காவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மொத வேலையா அதத்தான் வெட்டுவா."

"அப்ப வெட்டிருத்தா."

வெட்டியெடுத்த சாப்பாட்டுப் பேச்சை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அது என்னுடையது. சத்தமே இல்லாத அந்த இடத்தைத்தான் என்ன செய்வது என்று மேடம் யோசித்தார். ரேடியோவில் ஐந்தாறு விநாடி பேச்சு நின்றாலே கேட்பவர்கள் வேறு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்களாம். ஆனால் அதை எடுத்துவிட்டால் அவள் சொல்லும் பதில் யாருக்கும் புரியாது. "இருக்கட்டும், உடு," என்று விட்டுவிட்டார்.

மதியம் மாணவர் கேன்டீனில் சாப்பாடு ஐம்பது ரூபாய். சாம்பாரில் பருப்பு இருந்தது.

நாலரைக்குக் கூட்ரோடு வந்தேன். சந்தை கலைந்து புழுக்கையும் தழையும் கிடந்தன. வானொலிக்காரர்கள் கொடுத்த ரேடியோப் பெட்டி ஒன்று அங்கே டீக்கடையில் இருக்கிறது. கோவிந்தப்பா வெள்ளைத் துண்டோடு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். காவ்யா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். எனக்கு பெஞ்சில் இடம் விட்டார்.

"சட்டுனு புடிச்சுக்கிச்சுங்க அந்தப் புள்ள," என்றார். "எம் பையனுக்குச் சொல்லித்தர ஆறு மாசம் ஆச்சு."

ஐந்து மணிக்கு நிகழ்ச்சி வந்தது. கடையில் ஆறேழு பேர். "யோவ், நீயாய்யா அது? தொண்டைல ஆடு மாட்டிக்கினா மாதிரி இருக்குது," என்றார் ஒருவர். கோவிந்தப்பா காதில் வாங்கவில்லை. துண்டுக்குள் கை என்ற இடம் வந்தது. பேச்சு நின்றது. டீ மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டு வந்து பெட்டியைத் தட்டக் கையை ஓங்கினார்.

"தொடாத," என்றார் கோவிந்தப்பா. "உள்ள வெல பேசிக்கினு இருக்கிறோம்."

டீ மாஸ்டர் கையை இறக்கினார். பிறகு அவள் விலையைச் சொன்னாள். ஊருக்குச் சொல்கிற குரலில்.

ஐந்தே முக்காலுக்கு ஓசூர் வண்டி கிடைத்தது. சூளகிரி வரை ஒயரைக் காதில் வைத்திருந்தேன், மலை வந்ததும் போய்விட்டது. வீடு சேர ஏழேகால்.

நீங்களும் போவதாக இருந்தால்: நிலையத்துக்கு யாரும் போகலாம், ஒரு நாள் முன்னால் சொல்லிவிட்டால் போதும். பேசத் தெரிந்த எதையாவது பேசச் சொல்வார்கள், கூச்சப்படாதீர்கள், தினமும் பேச ஆள் தேடுகிறார்கள். அந்த இரண்டு அறையைக் கம்ப்யூட்டர் லேபுக்குக் கேட்கிறார்களாம். பிள்ளைகளுக்கு லேபும் வேண்டும்தான். அதனால் போகிறவர்கள் சீக்கிரம் போங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன் போன் இல்லாவிட்டால் ஐந்து மணிக்குக் கூட்ரோடு டீக்கடையில் உட்காருங்கள். நடுவில் பேச்சு நின்றுபோனால் பெட்டி கெட்டுவிட்டது என்று தட்டாதீர்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள்.