சக்களத்தி வாழ்ந்த வீடு

என் கணவர் செத்த பிறகுதான் எனக்கு நல்ல காலம் பிறந்தது என்று நினைத்தேன். திகாம் பத்து என்ற ஊரில் அவர் பெயரில் இருந்த வீடு முழுக்க எனக்குத்தான் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் அவரோடு வருடக்கணக்காக வாழ்ந்தவள் என் சக்களத்தி. அவளுக்குக் கோயிலில் தாலி கட்டியிருந்தார். பதிவுத் திருமணம் என்னோடுதான். அவர் எத்தனை முறை கேட்டும் விவாகரத்துக்கு நான் இறங்கி வரவில்லை. மனைவி என்ற பெயராவது அவளுக்குக் கிடைக்காமல் போகட்டும்.

"ஒங்க ரெண்டு பேருக்குமே பிள்ளைங்க இல்ல, மாமனார் மாமியாரும் இல்ல. சட்டப்படி அவங்களுக்கு ஒன்னும் கெடையாது லா, ஆன்ட்டி" என்றார் வழக்கறிஞர், சின்ன வயசுப் பெண். நில அலுவலக விசாரணையிலும் சக்களத்தி வாயைத் திறக்கவில்லை. வீடு என் பெயருக்கு மாறியது.

சாவி வாங்க, நான் இருக்கும் குருண் ஊரிலிருந்து போனேன். வாசலில் சக்களத்தி பெட்டியோடு நின்றாள். குட்டையானவள்.

"எல்லாத்தையும் தொடச்சி வச்சிருக்கேன்க்கா. அடுப்பு மேடை மட்டும் ஒங்களுக்குத் தாழ்வா இருக்கும். என்னை நிக்க வச்சு அளந்துதான் கண்ட்ராக்டர்கிட்ட கட்டச் சொன்னாரு."

வெகுளியாகச் சொன்னாளோ, குத்திக்காட்டினாளோ, எனக்கு வயிறு பற்றி எரிந்தது. குருண் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்கக் கத்தினேன். 'நாளைக்குப் பாக்கலாம்' என்று பேப்பரைத் திருப்பிய மனிதர். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று விட்டுவிட்டேன். சட்டி நிறைய இருந்திருக்கிறது. ஊற்றியதுதான் வேறு இலையில்.

அவள் போனதும் அந்த மேடையில் ஒரு தேத்தண்ணி போட்டுப் பார்த்தேன். குனிந்து குனிந்து இடுப்பு வலித்தது.

விற்கலாம், வாடகைக்கு விடலாம் என்றார் வழக்கறிஞர். மேடையை இடிக்கலாம். இடித்தாலும் அவர் அவளுக்குக் கட்டிக் கொடுத்தது இல்லையென்றாகிவிடுமா? யோசித்து யோசித்துக் கடைசியில் வீட்டை அவளுக்கே எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். இரக்கமெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. இது அவர் கொடுத்த வீடு என்று இனி அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. அக்கா போட்ட பிச்சை என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அது போதும்.

"இந்த மனசு யாருக்கும் வராது ஆன்ட்டி" என்று வழக்கறிஞர் உருகினார். நான் மறுக்கவில்லை.

கையெழுத்துப் போடும் நாளில் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பணம் வாங்காமல் கொடுப்பதால் என்ன காரணத்துக்காகக் கொடுக்கிறோம் என்று படிவத்தில் எழுத வேண்டுமாம். வழக்கறிஞர் அதை என் பக்கம் திருப்பினார். மலாயில் 'கசிஹ் சாயாங்' என்றிருந்தது. அன்பும் பாசமும்.

"வேற ஏதாச்சும் போடுங்கம்மா."

"இனாமா குடுத்தா இப்படித்தான் போடுவாங்க, ஆன்ட்டி."

"பிச்சைன்னு போட முடியாதா?"

வழக்கறிஞர் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று சிரித்தார். எதிரே இருந்தவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "போடுங்கக்கா, எதுனாலும் போடுங்க" என்றாள்.

கட்டியவர் வாயிலிருந்து ஒரு நாள்கூட நான் கேட்டிராத வார்த்தை, அன்பு. அதை அவளுக்குக் கொடுப்பதாக எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன்.