ஏரிக்குள் ஓடிய ஆட்டோ

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, ஆனி மாதத்துக் காலை ஏழு மணி. உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் ஏழுமலையின் ஆட்டோவில் ஏறி அமர்ந்தேன். போக வர இருநூறு ரூபாய். செல்லுமிடம் பதினொரு கிலோமீட்டர் தொலைவில், ஏரிக்கு அப்பாலுள்ள இருளர் குடியிருப்பு. மடியில் மடிக்கணினி, சட்டைப்பையில், செல்லும் வழியைப் பதிவு செய்யும் ஜி.பி.எஸ். கருவி.

அக்குடியிருப்புக்கு எந்த வரைபடத்திலும் வழி இல்லை. அங்கு வாழும் கன்னியம்மாளின் தலைப்பிரசவத்தின்போது ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் தார்ச்சாலையிலேயே நின்றுவிட்டது; குழந்தை பிழைக்கவில்லை. மீண்டும் கருவுற்றிருந்த அவருக்காக, ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் கொடுக்க ஒரு வரைபடம் வரைந்து தர ஒப்புக்கொண்டிருந்தேன்.

குடியிருப்பை அடைந்ததும் புங்கமரத்தடியில் கணினியைத் திறந்தேன். பதிவான தடத்தை வரைபடத்துச் சாலைகளோடு பொருத்தும் மென்பொருள் அதிலிருந்தது. இலவசமானது, எவரும் பிரித்துப் பார்த்துத் திருத்தத்தக்கது. தான் அறிந்த சாலைகளுள் அருகிலிருப்பதையே அது தேர்ந்துகொள்ளும். ஆகவே எங்கள் தடம் முழுவதையும் இழுத்துத் தார்ச்சாலையின்மேல் ஒட்டிவிட்டது.

"இன்னா சார் சொல்லுது மிசினு?" என்றார் ஏழுமலை.

"நாம் தார்ச்சாலையை விட்டு இறங்கவேயில்லையாம்."

"அப்ப இங்க குந்திக்கினு கீறது யாரு, என் ஆவியா?"

சுற்றி நின்றோர் சிரித்தனர். நான் பதிவான தடத்தின்மேலேயே புதிய சாலையொன்றை வரைந்தேன். அது நீல நிறத்தின் நடுவே சென்றது. கன்னியம்மாள் எட்டிப் பார்த்தார்.

"நீலமா கீதே, அது இன்னா?"

"ஏரி."

அவர் ஏழுமலையிடம் திரும்பினார். "ஏண்ணா, தண்ணியில்லாம காஞ்சி கெடக்குதுன்னு ஏரி உள்ளயே இட்டாந்துட்டியா? எனக்கு ஐப்பசில பிரசவம். அப்ப ஆம்புலன்ஸு நீந்திக்கினு வருமா?"

"கரமேல வந்தா மூணு கிலோமீட்டர் சுத்து, தங்கச்சி. டீசல் விக்கிற வெலையில..."

"சுத்து. நானும் வரேன்."

வரைந்த கோட்டை அழித்தேன். கன்னியம்மாள் என் அருகில் அமர, வண்டி ஏரிக்கரைமேல் குலுங்கிச் சென்று தார்ச்சாலையை அடைந்தது. அங்கே புதிதாகப் பதிவான தடத்தின்மேல் கரைவழியை வரைந்து மறுபடியும் பொருத்தினேன். தடம் இம்முறை கரைமேலேயே படிந்தது.

"இதான் நம்ம வயியா?" என்று கேட்டுத் திரையை விரலால் தொட்டார் அவர்.

ஐப்பசி மழையில் ஆம்புலன்ஸ் அவ்வழியே குடியிருப்புக்குள் வந்து நின்றது. பெண் குழந்தை என்று ஏழுமலை தொலைபேசியில் சொன்னார்.

நான் இப்போது வசிக்கும் சென்னையில், வரைபடச் சாலைகள் அளவுகோல் வைத்து வரைந்தவைபோல் இருக்கின்றன. அந்த ஏரிக்கரைக் கோட்டிலோ ஓரிடத்தில் சிறு நெளிவு உண்டு. அன்று கன்னியம்மாளைத் தேடி ஓடிவந்த அவருடைய ஆடுகளுக்காக ஏழுமலை வண்டியை ஒடித்துத் திருப்பிய இடம் அது. அதை நான் நேராக்கவில்லை.